கேள்விப்படாத வரை தீட்டில்லை

என் தோழி கோமதியின் அப்பா உயிருக்குப் போராடிக்கொண்டிருந்த செய்தி என் காதில் விழுந்தது. நான் அதை அவளிடம் சொல்லவில்லை.

மறந்துபோகவில்லை. சந்தர்ப்பம் கிடைக்காமலும் போகவில்லை. அவள் எனக்கு நாலடி முன்னால் நடந்துகொண்டிருந்தாள். எட்டி வைத்தால் தோளைத் தொட்டிருக்கலாம்... நான் எட்டி வைக்கவில்லை. ஒரு பகல், ஓர் இரவு, மறுநாள் காலை. அவளோடு நடந்தேன், அவளோடு சாப்பிட்டேன், அவள் பக்கத்திலேயே படுத்துத் தூங்கினேன். சொல்லவில்லை.

ஒரு வருடமாக இதை எங்காவது இறக்கி வைத்துவிடத் தவிக்கிறேன். சொல்ல வேண்டியவளிடம் சொல்ல முடியாததால் உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் எனக்கு யாரும் இல்லை. அது எனக்கு வசதியாக இருக்கிறது. இதிலும் ஒரு கோழைத்தனம் இருப்பது தெரிகிறது.

நான் ஏன் நடந்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அது சாக்குச் சொல்வதாகத் தோன்றினால், தோன்றட்டும்.

என் மகள் யாழினிக்கு அப்போது மூன்று வயது முடிந்திருந்தது. ஒரு வார்த்தை பேசமாட்டாள். அம்மா என்றுகூட இல்லை. காது நன்றாகக் கேட்கிறது என்று இரண்டு இடங்களில் சோதித்துச் சொல்லிவிட்டார்கள். பின்னால் நின்று தட்டைக் கீழே போட்டால் சட்டென்று திரும்புவாள். மிக்சி ஓடினால் காதைப் பொத்திக்கொள்வாள். வேண்டியதை என் விரலைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டுவாள். அவ்வளவுதான். சில பிள்ளைகள் தாமதமாகத்தான் பேசும், வீட்டில் நீங்கள் நிறையப் பேசுங்கள் என்றார் டாக்டர். நானும் பேசினேன். பால் பொங்குவதை, துணி காய்வதை, காக்கா வந்து உட்கார்ந்ததை... விடிந்ததிலிருந்து பொழுது அடையும்வரை பேசிக்கொண்டே இருந்தேன். அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

நான் பி.எட். படித்தவள். மாலையில் வீட்டில் பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். ஊர்ப் பிள்ளைகளை வாய்விட்டு வாசிக்க வைக்கிறவளின் பிள்ளை வாய் திறக்கவில்லை. இதை யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன், தினமும்.

கோமதி ஆறாம் வகுப்பிலிருந்து என்னோடு படித்தவள். பத்தொன்பது வயதில் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது. அவளும் அவள் வீட்டுக்காரரும் ஆரணியில் எங்கள் அடுத்த தெருவில் பட்டுத் தறி நெய்கிறார்கள். மாசி பௌர்ணமிக்குத் திருவண்ணாமலைக்கு நடந்து போய் யாழினிக்காக வேண்டிக்கொள்வோம், நானும் கூட வருகிறேன் என்று சொன்னது அவள்தான். அவளுக்கென்று வேண்டுதல் எதுவும் கிடையாது. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அவள் என் பிள்ளைக்காகத்தான் நடந்தாள்!

மூன்றாவது ஆள் இந்திரா அக்கா. எங்கள் தெருவில் பிளவுஸ் தைக்கிறவர். ஏழெட்டு முறை நடந்தவர். பருத்த உடம்பு, ஓயாத வாய். வழியின் சட்டங்களெல்லாம் அவர் போட்டவைதான்.

முதல் சட்டம், காப்பு. தறியில் சேலையை அறுத்து எடுத்த பிறகு மிஞ்சும் பாவு நூலில் இரண்டு முழத்தைக் கோமதி மஞ்சளில் தோய்த்துக் கொண்டுவந்தாள். அதைத் திரித்து, ஒரே இழையை மூன்றாக வெட்டி, தெருமுனைப் பிள்ளையார் கோவிலில் வைத்து அக்கா எங்கள் வலது மணிக்கட்டில் கட்டினார். ஒரே நூல், மூன்று கை. வழியில் ஒருத்தி அறுத்தால் மற்ற இருவருக்கும் அறுந்ததாகத்தான் அர்த்தம். திரும்ப ஆரணிக்கு வந்து முதலிலிருந்து நடக்க வேண்டும்.

இரண்டாவது சட்டம் என் கேள்வியால் வந்தது. நடுவில் வீட்டில் நல்லது கெட்டது ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டேன். நான்தான் கேட்டேன். நடக்காததை முன்கூட்டியே நினைத்துப் பயப்படுவது என் சுபாவம்.

"காதுல வுழுந்தா காப்ப அறுத்துட்டு வூட்டுக்குப் போய்கினே இருக்கணும்" என்றார் அக்கா. "வுழாத வரைக்கும் ஒண்ணுமில்ல. கேள்விப்பட்டாதான் தீட்டு."

மூன்றாவது சட்டம், போன். மூன்று பேரும் போனை நோண்டிக்கொண்டே வருவதானால் பஸ்ஸிலேயே போய்விடலாம் என்றார். ஒரே ஒரு போன் போதும், அவசரத்துக்கு. யாருடையது என்ற கேள்வி வந்ததும் இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"கவிதாகிட்டயே இருக்கட்டும். அவதான் பொறுப்பானவ."

மூன்று வீட்டிலும் என் நம்பரைக் கொடுத்துவிட்டுக் கிளம்பினோம்.

பொறுப்பானவள்!

முதல் நாள் சந்தோஷமாகத்தான் போனது. அதிகாலையில் கிளம்பி, களம்பூர் ரைஸ் மில்களின் புழுங்கல் வாசனையைத் தாண்டும்போது வெயில் ஏறியிருந்தது. அந்த வாசனைக்கே பசிக்கிறது, இந்த மில்காரன் வாசலில் ஒரு குழம்புச் சட்டியோடு உட்கார்ந்துவிட்டால் போதும் என்று அக்கா சொல்ல, கோமதி ரோட்டோரம் உட்கார்ந்து சிரித்தாள். மூன்று பேருக்கும் வெறுங்கால். போளூர் போய்ச் சேர்வதற்குள் என் குதிகாலில் இரண்டு கொப்புளங்கள். அங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் நடைக்காரர்களுக்குப் பாய் போட்டிருந்தார்கள். கோமதி என் காலை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு தேங்காய் எண்ணெய் தடவினாள். வேண்டாம்டி என்று காலை இழுத்தேன். விடவில்லை. "நாளைக்கு நீ படுத்துக்கினா அப்புறம் எங்க காப்பு இன்னா ஆவறது?" என்றாள்.

மறுநாள் பத்து மணி இருக்கும். கலசபாக்கத்தை நெருங்கிக்கொண்டிருந்தோம். வலது கைப் பக்கம் பருவதமலை, கூப்பிய கைபோல. இடுப்புப் பையில் போன் அதிர்ந்தது.

சேகர் அண்ணன். கோமதியின் சொந்த அண்ணன், அவரும் தறிக்காரர். எனக்கு நடை மெதுவானது. அவர்கள் இருவரும் முன்னால் போனார்கள்.

"கவிதா, அப்பாவுக்குக் காலையில பல்லு வெளக்கிகினு இருக்கும்போதே ஒரு பக்கம் கை கால் வரல. வேலூருக்கு இட்டுனு போய்கினு இருக்கோம். கோமதிகிட்ட சொல்லும்மா. எங்க இருக்கீங்க? வண்டி அனுப்பறேன்."

நான் கோமதியைப் பார்த்தேன். முகத்தை அல்ல, மணிக்கட்டை. கையை வீசி நடந்துகொண்டிருந்தாள். மஞ்சள் நூல் முன்னும் பின்னும் போய்வந்தது.

வாய் தானாகப் பேசிவிட்டது என்று இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லி வந்தேன். அது பொய். நான் யோசித்தேன். மூன்று மூச்சு விடும் நேரம் யோசித்தேன். கை கால் வராமல் போவது எத்தனையோ பேருக்கு வருகிறது, மருந்து கொடுத்தால் சரியாகிறது. நாளைக்குக் காலையில் கோவில். இவளிடம் சொன்னால் இப்போதே காப்பை அறுப்பாள். அறுத்தால் என் காப்பும் போயிற்று. திரும்ப முதலிலிருந்து... அடுத்த மாசி வரைக்கும் என் பிள்ளை ஊமையாக...

"சொல்லிட்றேண்ணா" என்றேன். "வண்டி வேணாம். பஸ்ஸ புடிச்சி நேரா வேலூருக்கே வந்துடுவா."

போனை வைத்தார். கொஞ்ச தூரம் போனதும் எனக்கே மனது கேட்கவில்லை. அவர் மறுபடி கூப்பிட்டு, சொன்னாயா என்று கேட்டால்? நானே கூப்பிட்டேன்.

"சொல்லிட்டேண்ணா. வந்துகினு இருக்கா."

கவனித்தீர்களா? முதல் பொய்யை நான் யாரும் கேட்காமலேயே இரண்டாக்கினேன்.

யாருடி போனில் என்றார் இந்திரா அக்கா, திரும்பிப் பார்த்து. வீட்டுக்காரர்தான், யாழினி சாப்பிட்டாளா என்று கேட்டேன் என்றேன். கோமதியின் முகம் மலர்ந்துவிட்டது. "இன்னா பண்றா என் தங்கம்?" என்றாள்.

இந்த இடத்தோடு நிறுத்திவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஒரு தாயின் பயம், ஒரு நாள் தாமதம்... நீங்களும் என்னை ஒருமாதிரி மன்னித்திருப்பீர்கள். ஆனால் இன்னும் இருக்கிறது. இதைவிடப் பெரியது இருக்கிறது.

சாயங்காலம் நாலு மணி. ஒரு புளியமரத்தடியில் படுத்திருந்தோம். கோமதி பையின்மேல் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு அசந்து தூங்கினாள். அக்கா கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். போன் அதிர்ந்தது. எழுந்து மரத்துக்குப் பின்னால் போனேன்.

சேகர் அண்ணன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் உண்மை வெளியே வந்திருக்குமோ என்னவோ. பஸ் எங்கே வந்துகொண்டிருக்கிறது என்று கேட்டார்.

"பேச்சு கொழறுதும்மா. ஆனா கோமதி, கோமதின்னு அதையே கேட்டுகினு கீறாரு. ஜல்தி வரச் சொல்லு. இல்ல, போன அவகிட்ட குடு, நான் பேசறேன்."

என் முதுகுக்குப் பின்னால் பத்தடியில் அவள் தூங்குகிறாள். பத்தடி!

"அண்ணா... அவ காப்பு கட்டிகினு கீறா இல்ல. நேர்த்திக்கடன முடிச்சிட்டுதான் வருவேன்னு சொல்றா. நான் எவ்ளோவோ சொல்லிப் பாத்துட்டேண்ணா."

 ஆஸ்பத்திரியில் யாரோ யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுவது மட்டும் கேட்டது.

"அவளா சொன்னா?"

"ஆமாண்ணா."

"சரி" என்றார்.

இதுதான். என் ஒப்புதல் இதுதான். செய்தியை மறைத்தது ஒன்றுமில்லை. தூங்கிக்கொண்டிருந்த ஒருத்தியின் வாயில் அவள் ஒருநாளும் சொல்லியிராத வாக்கியத்தை வைத்தேன். என் பிள்ளைக்குப் பேச்சு வேண்டும் என்று நடந்த வழியில் இவள் பேச்சை நான் பேசினேன்.

பிறகு மறுபடி நடந்தோம். வெயில் சாய்ந்ததும் நேர் எதிரே அண்ணாமலை தெரிய ஆரம்பித்தது. முதலில் வானத்தில் ஒரு அழுக்குபோல. பிறகு இருட்டாக, கனமாக. நாங்கள் அதை நோக்கிப் போகிறோமா, அது எங்களை நோக்கி வருகிறதா என்று எனக்குக் குழம்பியது. ரோட்டோர முள்ளில் கோமதியின் காப்பு மாட்டி ஒரு பிரி அறுந்து தொங்கியது. முழுதாக அறவில்லை. அவள் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒருமாதிரி கீதுடி. மதியத்திலேர்ந்து அப்பா ஞாபகமாவே கீது. ஒரு போன் போட்டுக் குடேன், ரெண்டு வார்த்த பேசிட்டுத் தர்றேன்."

கையை நீட்டினாள். நான் போனை எடுத்துத் திரையைப் பார்த்தேன். பாதிக்கு மேல் சார்ஜ் இருந்தது.

"அஞ்சு பர்சென்ட்தான் கீது கோமதி. நைட்டு எங்கனா போட்டுட்டு, காலையில பேசலாம்."

"சரி, உடு. யாழினிக்கு எதுனா அவசரம்னா வேணும்" என்றாள்.

யாழினிக்கு... அவள் அப்படித்தான் சொன்னாள்.

மறுநாள் விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் மூன்றாவது போன். இரண்டு மணி நேர நடைதான் பாக்கி. நான் பல் துலக்குகிற சாக்கில் ஒதுங்கிப்போய் எடுத்தேன். 'அப்பா போயிட்டாரு' என்றார் சேகர் அண்ணன். நான் அழுதேன். அதுவாவது நிஜம். அவள் முடித்துவிட்டே வரட்டும், நாங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காத்திருக்கிறோம் என்றார். திட்டவில்லை. அவ்வளவு அமைதியான குரலை அதற்கு முன் நான் கேட்டதே இல்லை.

அப்போதாவது சொன்னேனா?

என் புத்தி என்ன செய்தது தெரியுமா! சட்டத்தை எடுத்துப் புரட்டியது. கேள்விப்பட்டால்தான் தீட்டு. அவள் கேள்விப்படவில்லை, அவளுக்குத் தீட்டில்லை. கேள்விப்பட்டவள் நான். எனக்கு அவர் ரத்த உறவில்லை, எனக்கும் தீட்டில்லை. ஆக, மூன்று காப்பும் சுத்தம்! ஒரு மனிதர் செத்துக் கிடக்கிறார், நான் கணக்குப் பாடம் போட்டு முடித்ததுபோல் முகம் கழுவிக்கொண்டு வந்து, 'கிளம்பலாமா அக்கா?' என்றேன்.

கோவிலில் நல்ல கூட்டம். வரிசையில் கோமதி எனக்கு முன்னால் நின்றாள். சன்னதிக்கு எதிரே வந்ததும் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் வாய்விட்டு வேண்டினாள். 'சாமி, கவி பொண்ணுக்கு வாயக் குடு.' திரும்பத் திரும்ப அதையே. நான் எதையும் வேண்டவில்லை. 

வெளியே வந்ததும் இந்திரா அக்கா மூன்று காப்பையும் கத்தரித்தார். மூன்றாவது விழுகிறவரை பார்த்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகுதான் போனைக் கையில் எடுத்து, அப்போதுதான் வந்ததுபோல...

"கோமதி... அண்ணன் போன் பண்ணாருடி."

காரில் ஆரணி வந்து சேரும்வரை அவள் அழவில்லை. ஒரே கேள்வியைத்தான் கேட்டுக்கொண்டு வந்தாள். எப்போது ஆச்சாம்? எப்போது ஆச்சாம்? காலையில் என்றேன். திடீரென்று என்றேன். வழியில் டவர் இல்லாமல் முன்னாலேயே சொல்லியிருக்க முடியாமல் போயிருக்கும் என்றேன். அவள் தலையாட்டினாள். முந்தின நாளே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது பிறகு தெரிந்தபோதும் அந்த டவர் கதையைத்தான் நம்பினாள்.

அவள் அப்பா வீட்டு வாசலில் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். சேகர் அண்ணன் எழுந்து வந்தார். சொந்தக்காரர்கள் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தார்கள். நேற்று சாயங்காலத்திலிருந்து அந்த வாசலில் என்னென்ன பேசியிருப்பார்கள் என்று எனக்கு மட்டும் தெரியும். அவளுக்குத் தெரியாது.

"சாமி பாத்துட்டியா?" என்றார்.

"பாத்துட்டேண்ணா" என்றாள் கோமதி, அழுதுகொண்டே. ஆறுதலாகக் கேட்கிறார் என்று நினைத்திருக்கிறாள், பாவி!

யாரோ ஒரு பெண் 'த்தூ' என்று திரும்பிக்கொண்டது எனக்குக் கேட்டது.

"போ. அப்பாவையும் பாத்துக்க" என்று வழிவிட்டார். அதுதான் அண்ணன் தங்கையிடம் பேசிய கடைசிப் பேச்சு. இந்த ஒரு வருடத்தில் வேறு பேச்சு இல்லை. ஏன் உடனே வரவில்லை என்று அவள் வீட்டுக்காரர்கூட அவளை நேரே கேட்கவில்லை; கேட்டால் வலிக்கும் என்று விட்டுவிட்டார்.

எடுத்த பிறகு நான் கிளம்பும்போது அவர் என்னிடம் வந்தார். "நீ சொல்லித்தான் பாத்த. உன்மேல தப்பு இல்லம்மா" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

பதினாறாம் நாள் காரியம். நான் போய்விட்டு வந்து வாசலிலேயே தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தேன். யாழினி கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். என் தலையிலிருந்து சொட்டுவதைப் பார்த்தாள். கையை நீட்டிச் சொன்னாள்.

"ம்மா... தண்ணி."

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் அவளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே ஓடினார். எல்லோருக்கும் முன்னால் ஓடி வந்தது கோமதி. அப்பாவின் காரியம் முடிந்த அதே ஈரத்தலையோடு வந்து, என் பிள்ளையைக் கட்டிக்கொண்டு சிரித்தாள். ஒரு வீட்டில் எடுத்துக்கொண்டு ஒரு வீட்டில் கொடுத்திருக்கிறார் சாமி என்றாள்.

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு அன்றிலிருந்து தூக்கம் போயிற்று.

படித்தவள்தானே நீ என்று கேட்பீர்கள். டாக்டர் சொன்னதுதானே நடந்தது, தாமதமாகப் பேசுகிற பிள்ளை தாமதமாகப் பேசியது, அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். நானும் பகலில் அப்படித்தான் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் வாயைத் திறந்து உண்மையைச் சொன்ன மறுகணம் யாழினியின் வாய் மூடிக்கொண்டுவிட்டால்? கொடுத்தவர் கேட்டு வாங்கிக்கொண்டுவிட்டால்? ஒரு நாள் அவளுக்குத் தொண்டை கட்டி, காலையிலிருந்து மதியம்வரை பேசவில்லை. அன்றுதான் கோமதியிடம் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்து வைத்திருந்தேன்... போகவில்லை. ஓடிப்போய் டாக்டர் வாசலில் நின்றேன்.

இது பயம்தானா? அல்லது பயத்தின் பேரில் ஒளிந்துகொள்கிறேனா? எனக்கே தெரியவில்லை.

ஆவணியில் கோமதியின் பெண் பெரியவளானாள். அவர்கள் வழக்கத்தில் தாய்மாமன்தான் பச்சை ஓலை கட்டிக் குடிசை போட வேண்டும். தாய்மாமன் தன் கையால் நெய்த பட்டைக் கட்டித்தான் பெண்ணை மணையில் உட்கார வைப்பார்கள். கோமதி இரண்டு முறை அண்ணன் வீட்டுப் படியேறினாள். இரண்டு முறையும் உள்ளே தறி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டதாம். கதவு திறக்கவில்லை. வேண்டுதலே இல்லாமல் விளையாட்டுக்கு நடந்தேன், அதுதான் அப்பா போய்விட்டார், அதுதான் அண்ணனுக்குக் கோபம் என்று என்னிடம் சொல்லி அழுதாள். அவள் தனக்கொரு குற்றத்தைக் கண்டுபிடித்து வைத்துக்கொண்டிருக்கிறாள்! என்னுடையதை எடுத்துச் சுமக்கிறாள்!

அந்தப் பெண் கடையில் வாங்கிய சேலையில் உட்கார்ந்தாள். ஆரணியில், தறிக்காரர் வீட்டுப் பெண், கடைச் சேலையில்.

சீர்த்தட்டைத் தூக்க, மாலை போட ஆள் வேண்டுமே. கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கவி, உன் வீட்டுக்காரர நிக்கச் சொல்றியா? எனக்கு அண்ணன் மொறதானே."

அவர் சந்தோஷமாக நின்றார். அவருக்கு ஒன்றும் தெரியாது. மாலையைத் தட்டில் வைத்து அவர் கையில் எடுத்துக் கொடுத்தவள் நான். போட்டோவில் இருக்கிறேன், பார்க்கலாம். நன்றாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

அன்று பந்திக்கு வாழையிலை துடைத்துக்கொண்டிருந்தோம், நானும் இந்திரா அக்காவும் மட்டும். அவர் இலையிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டார்.

"அன்னிக்கு வழியில உனக்கு ரொம்ப தடவ போன் வந்துச்சு இல்ல கவிதா?"

"வூட்டுக்காரருதான்க்கா. கொழந்தய உட்டுட்டு வந்தேன் இல்ல."

அவர் இன்னொரு இலையை எடுத்தார். துடைத்தார். அடுக்கினார்.

"உன் வூட்டுக்காரர அண்ணான்னா கூப்புடுவ?"

நான் அடுத்த இலையை இழுத்துத் துடைத்தேன். அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. எங்கள் தெருவில் தினமும் அவர் கடையைத் தாண்டித்தான் போகிறேன். தையல் மிஷின் ஓடிக்கொண்டிருக்கும். நான் வாசலுக்கு நேராக வரும்போது மட்டும் நின்றுவிடும். அப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது.

சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன். அதைத்தான் இத்தனை நாளும் செய்கிறேன். அரிசி களையும்போது, பாத்திரம் தேய்க்கும்போது, குழந்தையைக் குளிப்பாட்டும்போது... வாய்விட்டு ஒத்திகை பார்க்கிறேன். முதல் போனில் அவர் என்ன சொன்னார், நான் என்ன சொன்னேன், புளியமரத்தின் பின்னால் என்ன சொன்னேன் என்று ஒரு வார்த்தை விடாமல், அதே குரலில். பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாவுக்குத் தயாராகிறவள்போல. யாரும் கேட்பதில்லை. யாழினி மட்டும்தான் பக்கத்தில் இருப்பாள், என் வாயையே பார்த்துக்கொண்டு.

இந்த மாசியும் வந்துவிட்டது. போன வாரம் மத்தியானம் கோமதி வந்தாள். போன வருடம் வேண்டுதல் இல்லாமல் போனேன், இந்த வருடம் ஒன்று இருக்கிறது என்றாள். என்ன என்று நான் கேட்கவில்லை. அவளே சொன்னாள். "அண்ணன் என்கிட்ட ஒரு வார்த்த பேசணும். திட்டியாவது பேசணும்."

மடியிலிருந்து மஞ்சள் தோய்த்த நூலை எடுத்தாள். தறியில் அன்று காலை அறுத்த பாவின் மிச்சம். அக்கா மூட்டு வலி என்று வரமாட்டேன் என்றுவிட்டாராம், நாம் இரண்டு பேர்தான், நானே கட்டிவிடுகிறேன், போனும் உன்னிடமே இருக்கட்டும் என்றாள். நான் யாழினிக்குப் பருப்புச் சாதம் ஊட்டிக்கொண்டிருந்தேன்.

யாழினி ஒரு வாயை விழுங்கிவிட்டு, டிவி ரிமோட்டை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். தலையைச் சாய்த்தாள். நான் சாய்ப்பதுபோலவே.

"சொல்லிட்டேண்ணா. வந்துகினு இருக்கா."

கோமதி சிரித்துவிட்டாள். நூலைத் திரித்துக்கொண்டே அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"யாருடி தங்கம் போன்ல? அண்ணனா? யாரு வந்துகினு கீறா?"

யாழினி என்னைப் பார்த்தாள். பிறகு கோமதியைப் பார்த்தாள். விரலை நீட்டினாள், கோமதியின் முகத்துக்கு நேராக. அடுத்த வார்த்தைக்கு வாயைத் திறந்தாள்.

நான் கையிலிருந்த சோற்றை உருட்டி அந்த வாயில் வைத்தேன். பெரிய உருண்டை. அவள் வாய்க்கு மிகப் பெரியது. அவள் திமிறினாள். நான் விரலை எடுக்கவில்லை.

எந்த வாய் திறக்க வேண்டும் என்று கொப்புளக் காலோடு நடந்தேனோ, அந்த வாய்.

"மெதுவாடி, பொறை ஏறிடப் போவுது" என்றாள் கோமதி. பிறகு நூலை இரண்டாக வெட்டினாள்.

"கையக் காட்டு."

காட்டினேன். அவள் குனிந்து, அவிழாதபடி மூன்று முடிச்சுப் போட்டாள். யாழினி கன்னம் உப்பக் கண்ணில் நீரோடு, என்னையே பார்த்து மென்றுகொண்டிருந்தாள்.

நாளை விடியற்காலை கிளம்புகிறோம்.